உறுப்புச் சில்லில் நோயை வளர்ப்பது எப்படி? கேள்வி பதில்

(பதில் அளிப்பவர் நோய்களின் மாதிரிகளைச் சில்லில் உருவாக்கி ஆராயும் உயிர்மருத்துவப் பொறியாளர்.)

கேள்வி: உறுப்புச் சில்லும் கணினிச் சில்லு போன்றதுதானா?

இல்லை. இது ஒளி ஊடுருவும் சிலிக்கோன் துண்டு, பென் டிரைவ் அளவுதான் இருக்கும். உள்ளே நுண்ணிய கால்வாய்கள் ஓடும். அவற்றில் மனிதச் செல்களை உயிரோடு வளர்க்கிறோம்.

கேள்வி: கண்ணாடிக் கிண்ணத்தில் செல்களை வளர்த்தால் போதாதா ஐயா?

பல நோய்களுக்குப் போதாது. ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர் குழு 2010இல் நுரையீரல் சில்லை வெளியிட்டது. நடுவில் நுண்துளைச் சவ்வு. ஒரு பக்கம் நுரையீரல் செல்களும் காற்றும், மறுபக்கம் ரத்தநாளச் செல்களும் ஓடும் திரவமும். பக்கவாட்டு அறைகளில் காற்றை உறிஞ்சி விட்டால் சவ்வு மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும்.

இன்டர்லூக்கின்-2 என்ற புற்றுநோய் மருந்து சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளச் செய்கிறது. 2012இல் அதே குழு அந்த மருந்தை ரத்தநாளப் பக்கம் செலுத்தியபோது, காற்றுப் பக்கத்தில் நீர் கசிந்து நிரம்பியது. மூச்சசைவைச் சேர்த்ததும் கசிவு மிகவும் கூடியது. ரத்தத்தில் சுற்றும் நோய் எதிர்ப்புச் செல்கள் அந்தச் சில்லில் இல்லவே இல்லை; அவை இல்லாமலேயே கசிவு நடந்தது! மூச்சசைவே நோயை வளர்க்கிறது என்பதை அசையாத கிண்ணம் காட்டியிருக்க முடியாது. இந்தத் துறையை நான் நேசிக்க இந்த ஒரு சோதனையே போதும்.

கேள்வி: என் மகனுக்குப் பரம்பரை இதயநோய். அவனுடைய செல்களிலேயே ஆராய முடியுமா?

ஆராய முடியும் அம்மா. பார்த் நோய்க்குறி என்பது இதயத் தசையைப் பலவீனமாக்கும் ஓர் அரிய பரம்பரை நோய். அது உள்ளவர்களின் தோல் செல்களை ஆராய்ச்சியாளர்கள் ஸ்டெம் செல்களாக (பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல்களாக) மாற்றி, அவற்றிலிருந்து இதயத் தசையை வளர்த்தார்கள். சில்லில் அந்தத் தசை வலுவின்றிச் சுருங்கியது. குறைபட்ட மரபணுவின் வேலையை ஈடுசெய்ததும் வலு திரும்பியது. இது 2014இல் வெளிவந்த ஆய்வு. ஆனால், இப்படி வளர்க்கும் தசை பெரும்பாலும் கருவிலுள்ள இதயத்தின் முதிர்ச்சியையே எட்டுகிறது. எனவே, இதை நம்பி மருத்துவர் சொல்லும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: விலங்குச் சோதனைகள் நின்றுவிடுமா?

உடனே நிற்காது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த சட்டம் புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கிய விதியை நீக்கியது. தடை எதையும் விதிக்கவில்லை.

கேள்வி: ஆய்வு மாணவி நான். முதலில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சிலிக்கோனில்தான். எண்ணெயில் எளிதில் கரையும் மருந்துகளை அது உறிஞ்சிக்கொள்ளும்; நீங்கள் ஊற்றிய அளவு செல்களைச் சென்றடையாது. 'மருந்து பாதுகாப்பானது' என்று எழுதுமுன், வெளியேறும் திரவத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளந்துவிடுங்கள்.