போனில் பாமினி சிதறுவது பற்றி

வணக்கம் சேர். தரம் 10 விஞ்ஞானக் குறிப்பை வேர்ட் கோப்பாக அனுப்பினால் பிள்ளைகளின் போனில் ஆங்கிலக் குப்பையாக வருகிறது, பிடிஎஃப் ஆக்கினால் எழுத்து எறும்பளவு, மலையகத்து மஸ்கெலியாத் தோட்டங்களில் டவுன்லோட் ஆகவும் மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் வில்லன் பாமினி, ஆங்கிலக் குறிகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பழைய எழுத்துரு. அதில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். பாமினி இல்லாத போன் அதை அப்படியே காட்டும். தமிழ் எழுத்துக்கே தனிக் குறி உள்ள யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஆனால் முழுப் பக்கத்தையும் ஒரேயடியாக கன்வேர்ட்டரில் ஒட்டாதீர்கள். நீரின் சூத்திரமான H2O, 'ர்2ழு' ஆகி நிற்கும். சூத்திரங்களை விட்டுவிட்டுப் பந்தி பந்தியாக மாற்றுவதுதான் வழி, அலுப்பான வேலைதான்.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர், போன் திரை ஏறக்குறைய 65. முழுப் பக்கமும் அதில் அடங்கும்போது 12 புள்ளி (பொயின்ட்) எழுத்து 4 புள்ளிக்கும் கீழே சுருங்கிவிடும். வேர்டிலேயே பக்கத்தை 90க்கு 160 மில்லிமீற்றர், ஓரம் 5, எழுத்து 14 புள்ளி என்று வைத்து, பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள். நான்கு நிரல் அட்டவணை இதில் அடங்காது, பிரித்து எழுதத்தான் வேண்டும்.

டவுன்லோட் ஆக கோப்பு இளைக்க வேண்டும். படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கினால் மட்டும் கோப்பு இளைக்கும் என்று நம்ப முடியாது. முதலில் 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, பிறகு செருகுங்கள். பாடத்துக்கு ஒரு கோப்பு போதும்.

அனுப்புமுன் ஒரு மலிவு போனில் திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் பாமினி இருப்பதால் பிழை அங்கே தெரியாது.