மூன்றாவது நீட்டும் வேண்டாம், அடமானமும் வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்னொரு வருடம் நீட் கோச்சிங்கா, தாய்மாமன் சொல்கிறபடி வீட்டை அடமானம் வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறுதல் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனமில்லை. இரண்டுமே வேண்டாம்.

உங்கள் மகள் என்னிடம் மருத்துவம் பற்றி வாயே திறக்கவில்லை. பக்கவாதம் வந்த தாத்தாவைப் பற்றித்தான் பேசினாள். "சீட்டு விளையாடுறப்போ தப்புன்னு அவருக்கே தெரியுது சார். ஆனாலும் அதே சீட்டையே போடுறார். ஏன்?"

இந்தக் கேள்விக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: காக்னிட்டிவ் சயின்ஸ், அதாவது மனமும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் அறிவியல். 1963இல் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவர்களிடம் சீட்டுகளைக் கொடுத்து வகைபிரிக்கச் சொன்னார். முதலில் நிறப்படி, பிறகு சொல்லாமலே விதியை மாற்றி, வடிவப்படி. "தப்பு" என்று ஒவ்வொரு முறை சொல்லியும் அவர்களால் பழைய விதியை விட முடியவில்லை. எதைக் கவனிப்பது, எதை நினைவில் நிறுத்துவது, பழகிப்போனதை எப்போது அடக்குவது என்பதில் நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டிலேயே பாருங்கள்: 'பச்சை' என்று சிவப்பு மையில் எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு ஒரு கணம் தடுமாறும். 1935இல் ஸ்ட்ரூப் செய்து காட்டிய சோதனை இது. அந்தத் தடுமாற்றத்தை மில்லி செகண்டில் அளப்பதும், தலையில் ஈஈஜி தொப்பி மாட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவதும் இந்தப் படிப்பில் அன்றாட வேலை.

வழி இதுதான். சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. உளவியல். கூடவே புள்ளியியலையும் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியையும் விடக்கூடாது; இவை இல்லாமல் இந்தத் துறையில் கால் ஊன்ற முடியாது. பிறகு ஐஐடி காந்திநகரில் இரண்டு வருட எம்.எஸ்சி. காக்னிட்டிவ் சயின்ஸ். கலை, அறிவியல், பொறியியல் என எதைப் படித்தவர்களும் அங்கே சேர்கிறார்கள். அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் தனி மையம் உண்டு. அதன்பின் ஆராய்ச்சி, அல்லது மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வு, அதாவது மக்கள் ஒரு செயலியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்துச் சொல்லும் வேலை. ஒன்றை மறைக்க மாட்டேன்: நோயாளிகளுக்குச் சிகிச்சை தர இந்தப் பட்டம் போதாது. அதற்குத் தனிப் பயிற்சியும் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவும் வேண்டும்.

"சைக்காலஜி படிச்சா யாரு கட்டிக்குவா?" என்று மாமா கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டி வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன். அதுவரை வங்கிப் பேப்பர் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.