உலக சுகாதார நிறுவனத்துக்குத் தங்கள் மாநிலத்தில் அதிகாரமே இல்லை என்று அமெரிக்காவின் லூசியானாவில் சட்டம் போட்டிருக்கிறார்களாமே, அங்கே இருப்பவர்களுக்கு அதனால் என்ன மாற்றம்?

கைக்குழந்தையோடு இங்கே குடிவர யோசிக்கிறீர்கள், அதனால் கேட்கிறீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். லூசியானாவின் தலைநகரான பேட்டன் ரூஜ் பக்கம் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். வக்கீல் இல்லை. எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை, முத்திரை குத்த வராதீர்கள்.

2024இல் வந்த சட்டம் அது. உலக சுகாதார நிறுவனம், ஐ.நா., உலகப் பொருளாதார மன்றம் மூன்றுக்கும் மாநிலத்துக்குள் அதிகாரம் கிடையாது என்கிறது. சரி, அதற்கு முன்னால் இருந்ததா? ஊசி போடு, கடையை மூடு என்று இங்கே யாருக்கும் ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்திலிருந்து உத்தரவு வந்ததில்லை. வருகிற குளிர்காலத்து ஃப்ளூ ஊசியில் எந்தெந்த வைரஸ் வகை சேரணும் என்று பிப்ரவரியில் ஒரு பரிந்துரை சொல்வார்கள். அமெரிக்காவுக்கு முடிவெடுப்பது இந்நாட்டு அரசின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏதான்.

ஆனால் மாற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் அக்டோபரில் எழுபதைத் தாண்டிய ஒருவர் பிரஷர் பார்க்க வந்தார். வருடா வருடம் என்னிடம்தான் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வார். டிரேயை எடுத்ததும் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். "அதைத்தான் நம்ம ஸ்டேட்டில் தடை பண்ணிட்டாங்களே, மேம்" என்றார். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. சொன்னேன், சிரித்தார், நம்பவில்லை.

எனக்கு வலித்தது. திண்டுக்கல் பக்கம் எட்டு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் சின்னச் சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கருத்துவிட்டால் மருந்து சூட்டில் கெட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிடுவோம். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு அது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளைகள் வாயில் சொட்டு விட்டு, இடது சுண்டுவிரலில் மை வைத்தோம். அப்போதும் எங்களுக்கு உத்தரவு போட்டது நம் சுகாதாரத் துறைதான்.

  

உங்கள் குழந்தைக்கு ஊசி போட இந்தச் சட்டம் குறுக்கே வராது, தைரியமாக வாருங்கள். அந்தப் பெரியவர் அடுத்த மாதம் மனைவியோடு வந்தார். அந்த அம்மா போட்டுக்கொண்டார். இவர் வெளியே காரிலேயே இருந்துவிட்டார்.