சக்கரம் சொல்லும் கணக்கு

அன்புள்ள ஐயா,

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து, தானே வழி தேடிப் போகும் ரோவர், அதாவது ஆளில்லாச் சக்கர வண்டி, ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். பாறைகளைக் கண்டுபிடிக்க லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) வாங்கலாமா, இரட்டைக் கேமரா போதுமா? மணலில் சக்கரம் சிக்குகிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம். செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதனே போகப்போகிறான், அப்புறம் ரோவர்கள் எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள்.

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை விடு. மனிதனே போனாலும், அவனுக்கு முன்னால் ஏதோ ஒன்று போய்த் தரையைத் தட்டிப் பார்த்தாக வேண்டும். லைடாரா கேமராவா என்பதைக் கையிலிருக்கும் பணம் முடிவு செய்யட்டும். என்னை உட்கார்ந்து எழுத வைத்தது நீ போகிறபோக்கில் எழுதிய ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’தான். ஒரு வாரமாக நானும் மணலைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2005 ஏப்ரலில், செவ்வாயில் இருந்த நாசாவின் ஆப்பர்சூனிட்டி ரோவரை 90 மீட்டர் போகச் சொன்னார்கள். ஏறக்குறைய 40 மீட்டர் ஒழுங்காகப் போனது. அங்கே ஒரு சின்ன மணல் மேடு, முழங்கால் உயரம்கூட இருக்காது. சக்கரங்கள் புதைந்தன. ஆனால் சுற்றுவதை நிறுத்தவில்லை. மீதித் தூரத்துக்கு உண்டான சுற்றுகளையும் நின்ற இடத்திலேயே சுற்றித் தீர்த்தன. சக்கரக் கணக்குப்படி பயணம் முடிந்துவிட்டது! செவ்வாயிலிருந்து சிக்னல் வந்து சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். ‘நில்’ என்று கத்த அங்கே ஆளில்லை. பூமியில் மணலும் களிமண்ணும் கலந்து கொட்டி, அதில் சோதனை ரோவரைப் புதைத்துப் புதைத்துப் பார்த்து, ஆப்பர்சூனிட்டியை வெளியே எடுக்க ஐந்து வாரம் ஆனது.

பல வருடங்களுக்கு முன் ஒரு குழுவின் சோதனைக் களத்தில் நின்றிருந்தேன். எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோவர் போன தூரத்தைக் காட்டும் பச்சைக் கோடு நீண்டுகொண்டே போனது. நான் சக்கரத்தைப் பார்த்தேன். மணல் பொடிப்பொடியாகப் பின்னால் தெறித்தது, பின்பக்கம் மெல்லச் சாய்ந்தது, வயிறு தரையில் படிந்தது. அவர்களுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. கடைசியில் ஒரு பையன் சுவிட்சை அணைத்துவிட்டு, மண்டியிட்டு, ஒன்றும் பேசாமல் கையாலேயே மணலைத் தோண்டினான்.

அந்தப் பையனை நினைத்துத்தான் உன்னைத் திட்டுகிறேன். எதிரே உள்ள பாறையைப் பார்க்க இத்தனை கண் வைக்கிறாய், தான் நகர்கிறோமா என்று ரோவருக்கே தெரிய வேண்டாமா? ஒரே கல்லை இரண்டு படங்களில் ஒப்பிட்டுப் பார். சக்கரம் ஒரு மீட்டர் என்கிறது, கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றால் உடனே நிற்க வேண்டும். ஆப்பர்சூனிட்டிக்கும் அதன் பிறகு இப்படி நடுநடுவே சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

படத்தை ஒப்பிடும் அந்த வழியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. 2024 ஜனவரியில், செவ்வாயில் பறந்த நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனூட்டியின் 72வது பறத்தல்தான் அதன் கடைசிப் பறத்தல். கீழே வழவழவென்று மணல், அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு கல்கூட இல்லை. தன் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடியாமல் மோதி இறங்கி இறக்கை உடைந்தது. ஆகவே மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும், உடல் சாயும் கோணத்தையும் சேர்த்துப் பார். எதுவும் ஒத்துவரவில்லையா, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லி நிற்கக் கற்றுக்கொடு.

இந்த வாரம் லைடார் விலை விசாரிக்காதே. நைசான உலர்ந்த மணலைக் கொட்டி, ரோவரை வேண்டுமென்றே சிக்க வை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றிய பிறகு தானாக நின்றது என்று எனக்கு எழுது.