இன்சுலினுக்கு மட்டும் ஏன் ஊசி?

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, தைராய்டும் இருக்கிறது. தைராய்டுக்குக் காலையில் ஒரு மாத்திரையோடு சரி. இன்சுலினை மட்டும் தினமும் வயிற்றில் குத்திக்கொள்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. இரண்டும் ஹார்மோன்தானே, இன்சுலினையும் மாத்திரையாகத் தரக் கூடாதா? (ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: பெயர்தான் ஒன்று, சரக்கு வேறு. இன்சுலின் ஒரு புரதம், 51 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்தது. விழுங்கினால் பருப்பையும் முட்டையையும் செரிக்கிற மாதிரியே வயிறும் குடலும் அதையும் செரித்துவிடும். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகக் கொடுத்தபோதும் ஊசிதான். இப்போது மூச்சில் இழுக்கும் இன்சுலினும் வந்திருக்கிறது, அதுவும் வயிற்றைத் தொடாமல் போகிற வழிதான்.

தைராய்டு மாத்திரையில் இருக்கும் ஹார்மோனான தைராக்சின், அமினோ அமிலத்திலிருந்து வந்தாலும் நான்கு அயோடின் அணுக்கள் ஒட்டிய சின்ன மூலக்கூறு, குடல் அதைச் சிதைக்காமல் உள்ளே விட்டுவிடும். ஹார்மோன்களில் மூன்றாவது வகை ஸ்டீராய்டு, கொலஸ்ட்ராலிலிருந்து உடம்பு செய்வது. கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன் எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றைச் சேமித்து வைக்க முடியாது, தேவைப்படும்போதுதான் தயாராகும்.

இன்சுலின் அப்படியில்லை. கணையத்தின் பீட்டா செல்கள் முதலில் ஒரு நீளச் சங்கிலியைச் செய்து, நடுத்துண்டை வெட்டிவிட்டு, குட்டிக் குட்டிப் பைகளில் அடைத்துத் தயாராக வைத்திருக்கும். சாப்பிட்டு ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதும் செல்லுக்குள் கால்சியம் பாயும், சில நிமிடங்களில் பைகள் திறந்துகொள்ளும். அந்த வெட்டிய துண்டுதான் சி-பெப்டைடு, அம்மாவின் ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். ஊசி மருந்தில் அது கிடையாது என்பதால், அம்மாவின் கணையம் தானாக எவ்வளவு சுரக்கிறது என்று டாக்டரால் கணிக்க முடிகிறது, எனக்கு ரொம்பப் பிடித்த பரிசோதனை இது.

உடம்பு சுரக்கும் இன்சுலின் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். தைராக்சின் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும், அதனால்தான் நாளுக்கு ஒரு மாத்திரை போதும். ஆனால் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்கச் சொல்லுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி. அப்புறம், ஊசியை ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றி மாற்றிப் போடட்டும். ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கட்டி மாதிரி தடித்து, மருந்து சரியாக ஏறாது.