காருக்கு அடியில் கேட்கும் சத்தம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னுடைய பழைய கார் பின்சக்கர இயக்கம் கொண்டது. கிளட்சை விட்டுக் கிளம்பும்போதும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி அழுத்தும்போதும் அடியில் ‘டங்’ என்று இடிக்கிறது. மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்ற சத்தமும் வருகிறது. பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இழுவிசை திசை மாறும் நேரத்தில் இடியும், வண்டியின் வேகத்தோடு சேர்ந்து விரைவுபடும் கீச்சொலியும் ஒன்றாக இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட்டுகளை, அதாவது வளைந்துகொடுக்கும் சிலுவை வடிவ இணைப்புகளைத்தான். அவற்றைப் பார்க்காமல் டிஃபரன்ஷியலில் கைவைப்பது வீண் செலவு.

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கடியில் போகாதீர்கள். இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்தபின், ஷாஃப்டை ஒரு கையாலும் அடுத்துள்ள ஃபிளாஞ்சை (போல்ட்டால் இணைக்கும் தட்டை) மறுகையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸுக்கும் அதைத் தாங்கும் கவட்டைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் அசைவு இருந்தால் அந்த ஜாயின்ட்டை மாற்றத்தான் வேண்டும். ஷாஃப்ட் முழுவதுமாகச் சற்றே முன்னும் பின்னும் சுழல்வது மட்டும் குறையல்ல. டிஃபரன்ஷியல் பற்களுக்கிடையே அந்த இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இதைத்தான் பலர் தேய்மானம் என்று தவறாகக் கணிக்கிறார்கள். கிராஸின் முனைகளிலுள்ள பியரிங் மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் தூள் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே கிரீஸ் வறண்டு, ஊசி பியரிங்குகள் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்டவை) துருப்பிடித்து அரைபடும்போது அந்தத் தூள்தான் வெளியே வரும்.

கழற்றுவதற்கு முன் ஷாஃப்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் குறுக்காகப் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பழைய நிலையிலேயே பொருத்தாவிட்டால் புதிதாக ஓர் அதிர்வு சேர்ந்துகொள்ளக்கூடும். புதிய மூடியை அழுத்தும்போது ஓர் ஊசி சரிந்து அடியில் விழுந்துவிட்டால், மூடி முழுமையாக உள்ளே போகாது, மூடியைப் பிடித்து நிறுத்தும் லாக்கும் அதன் பள்ளத்தில் உட்காராது. அப்போது சுத்தியலால் அடிக்காமல், வெளியே எடுத்து ஊசிகளைச் சரிசெய்து, கிரீஸால் ஒட்டவைத்து மறுபடி அழுத்துங்கள். பொருத்தியபின் ஜாயின்ட் எல்லாப் பக்கமும் கையாலேயே தடையின்றி அசைய வேண்டும்.

டிஃபரன்ஷியல் பழுதென்றால் பெரும்பாலும் தொடர்ந்த ஊளை கேட்கும். வேகமெடுக்கும்போது ஒரு சுரம், காலை எடுத்தால் வேறொரு சுரம். அதற்கும் முதல் வேலை ஆயில் அளவைப் பார்ப்பதே. ஆயிலை மாற்றுவதாக இருந்தால், நிரப்பும் திருகைத் தளர்த்திப் பார்த்த பிறகே வடிக்கும் திருகைத் தொடுங்கள். மேல் திருகு துருவில் இறுகியிருந்தால், வடித்துவிட்டு நிரப்ப வழியின்றி நிற்க நேரிடும். அதே ஆயிலைக் கியர்பாக்ஸுக்கும் ஊற்றிவிடாதீர்கள். டிஃபரன்ஷியலுக்கான ஜிஎல்-5 ரகத்தின் சேர்மானங்கள் சில கியர்பாக்ஸ்களில் கியர் இடிக்காமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். வண்டியின் கையேடு சொல்லும் ரகமே சரி.

கேள்வி: முன்சக்கர இயக்கக் காரில் வேகம் கூடக்கூட ‘ஊம்’ என்ற முழக்கம் கூடுகிறது. கியர்பாக்ஸா, சக்கர பியரிங்கா?

பதில்: ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், அந்த வேகத்திலேயே கிளட்சை அழுத்திப் பாருங்கள். இன்ஜின் வேகம் இறங்கியும் முழக்கம் மாறாவிட்டால் சந்தேகம் சக்கரங்களின் பக்கம் திரும்புகிறது. பிறகு ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் வளையுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்துக்குப் போகும் என்பதால், அப்போது சத்தம் உயர்ந்தால் பெரும்பாலும் வலது பியரிங்தான். ஒரே சீராகத் தேயாத டயரும் இதேபோல் முழங்கும். சக்கரங்களை முன்பின்னாக மாற்றிப் போட்டதும் சத்தமும் இடம் மாறினால் குற்றவாளி டயர். இன்னும் உறுதி வேண்டுமானால், சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றியபடி, விரல் சிக்காமல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் கையை வையுங்கள். கெட்ட பியரிங்கின் கரகரப்பு காதுக்கு எட்டாவிட்டாலும் கைக்குத் தெரியும்.

கேள்வி: ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் ‘கட கட’ என்கிறது. கிரீஸ் போட்டால் போதுமா?

பதில்: போதாது. அது ஆக்ஸிலின் வெளிப்பக்க சிவி ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைச் சீராகக் கொடுக்கும் இணைப்பு. அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, சத்தம் தொடங்குமுன் கவனித்திருந்தால், சுத்தம் செய்து புது கிரீஸும் புது பூட்டும் போட்டுக் காப்பாற்றலாம். சத்தம் வந்துவிட்டால் குண்டுகள் ஓடும் தடங்கள் ஏற்கெனவே தேய்ந்துவிட்டன, ஜாயின்ட்டை மாற்றுங்கள்.

கேள்வி: வண்டி நிற்கும்போதே கியர்பாக்ஸ் பக்கம் சத்தம் கேட்கிறது. எதைப் பார்ப்பது?

பதில்: நியூட்ரலில் கேட்கும் சத்தம் கிளட்சை அழுத்தியதும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு) பியரிங், அழுத்தும்போது மட்டும் கேட்டால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பியரிங். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்பதால், கிளட்ச் பிளேட்டும் தேய்ந்திருந்தால் அதையும் அதே வேலையில் மாற்றிவிடுங்கள்.