ஃபோர்வீலைத் தூக்குவதற்கு முன்னால்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே. என்னிடம் இருப்பது 2012 ஹைலக்ஸ் வீகோ பிக்கப். வாரநாளில் அப்பாவின் செம்பனைத் தோட்டத்தில் உர மூட்டையும் பழக்குலையும் ஏற்றுவேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு பக்கத்து லாசா ஊருக்கு மேலே காட்டுப் பாதையில் போவேன். போன மாதம் ஒரு பள்ளத்தில் அடிப்பாகம் தட்டி நின்றுவிட்டது. நாலு இன்ச் தூக்கு என்கிறார்கள் கூட்டாளிகள். ஸ்பிரிங் பக்கம் ஸ்பேசர் என்ற தடிப்பான வளையம் வைத்தால் மலிவாக முடியும் என்கிறார் கடைக்காரர். எவ்வளவு தூக்கலாம்?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, நாலு இன்ச் வேண்டவே வேண்டாம். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து எது தட்டியது என்று பாருங்கள். சேசிஸ் என்ற அடிச்சட்டத்திலோ கியர்பாக்ஸ் பக்கமோ உராய்ந்த தடம் இருந்தால் ஸ்பிரிங்கை உயர்த்துவதில் பலன் உண்டு. பின் அச்சின் நடுவில், எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில் பெயின்ட் உரிந்திருந்தால் எட்டு இன்ச் தூக்கினாலும் அது அதே உயரத்தில்தான் கிடக்கும், ஏனென்றால் அது ஸ்பிரிங்குக்குக் கீழே அச்சோடு சேர்ந்து இருப்பது. அதை உயர்த்த டயரால் மட்டும்தான் முடியும், அதிலும் பாதிதான் கிடைக்கும். 265/70 ஆர் 16 டயரைக் கழற்றிவிட்டு 265/75 ஆர் 16 போட்டால் விட்டம் சுமார் 26 மில்லிமீட்டர் கூடும், அச்சு உயர்வது 13 மில்லிமீட்டர். அவ்வளவுதான். அப்படி என்றால் அந்தப் பள்ளத்தில் சக்கரத்தை எந்தப் பக்கம் வைத்து ஓட்டுவது என்று இறங்கிப் பார்ப்பதுதான் வழி.

முன்பக்கக் கதை வேறு. வீகோவில் முன் சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும், முன் டிஃபரன்ஷியல் மட்டும் சேசிஸோடு நிற்கும். வண்டியைத் தூக்கத் தூக்க, டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் சாய்ந்துகொண்டே போகிறது. ஏறக்குறைய இரண்டு இன்ச் வரை அது தாங்கும். அதற்கு மேலே போனால் அந்த ஷாஃப்ட் வளைந்து சுழல உதவும் சிவி ஜாயின்டின் ரப்பர் உறை மடிப்புக்கு மடிப்பு உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே வரும், சேறு உள்ளே போகும், அப்புறம் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம். சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணமும் குறையும். அதனால் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் ஒரு இடத்தில் நிற்காது. இரண்டு இன்ச் தூக்கினாலும் அலைன்மென்ட் பார்க்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். காஸ்டர் அளவுக்குள் வரவில்லை என்றால் சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் மேல் ஆர்மை மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்பேசர் மலிவுதான், ஆனால் அது எங்கே உட்காருகிறது என்று கேளுங்கள். ஸ்பிரிங்குக்கும் அதன் தட்டுக்கும் நடுவே வைத்தால் வண்டி உயரும், குலுக்கலை அடக்கும் அப்சோபரின் நீளம் மட்டும் மாறாது. அதனால் சக்கரம் கீழே தொங்கக்கூடிய தூரம் குறைந்துபோகும். பள்ளத்தில் சக்கரம் தரையைத் தேடிப் போக வேண்டிய நேரத்தில் அந்தரத்தில் சுற்றும். அப்சோபரின் தலைக்கு மேலே வைத்தால் மேல் ஆர்மின் பால் ஜாயின்ட் தன் எல்லை வரை போய் முட்டும். காட்டுக்குப் போகிறவருக்கு இரண்டுமே உதவாது. சக்கரம் மண்ணை விடாமல் பிடித்திருந்தால்தான் வண்டி நகரும், உயரம் அதற்கு அப்புறம்தான்.

என்னைக் கேட்டால், உங்கள் வண்டி தூக்கப்பட வேண்டிய வண்டியே இல்லை, தாழ்ந்துபோன வண்டி. இத்தனை வருஷம் பாரம் சுமந்த லீஃப் ஸ்பிரிங், அதாவது பின்பக்கத்து அடுக்குப் பட்டை ஸ்பிரிங், வளைவை இழந்திருக்கும். டேப் எடுத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதுங்கள், காலி வண்டியில் ஒரு தடவை, வழக்கமான உர மூட்டையோடு ஒரு தடவை. அந்தத் தாளைக் கடைக்காரரிடம் கொடுத்து, இந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் வேண்டும் என்று சொல்லுங்கள். எப்போதும் 500 கிலோ சுமக்கும் வண்டிக்கென்று செய்த ஸ்பிரிங்கைப் போட்டுக் காலியாக ஓட்டினால், தோட்டத்துச் செம்மண் சாலையில் பின்பக்கம் துள்ளித் துள்ளி ஒதுங்கும், மழை நாளில் அது ஆபத்து. 1997-இலிருந்து நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டுப் பாதைப் போட்டியின் வண்டிகளைப் பார்த்துத்தான் பலருக்கும் ஆசை வருகிறது. அவை மழைக்காலச் சேற்றுக்கென்றே கட்டியவை. திங்கட்கிழமை உரம் ஏற்ற வேண்டிய வண்டிக்கு அந்த அளவு பொருந்தாது.

ஸ்பிரிங்கோடு சேர்த்து அப்சோபரையும் மாற்றுங்கள். அலையலையான மண் சாலையில் மணிக்கணக்கில் ஓடினால் உள்ளே எண்ணெய் சூடாகி நுரைக்கும், அப்புறம் அது வேலை செய்யாது. காஸ் அடைத்த நல்ல அப்சோபருக்குச் செலவு செய்வது வீண் இல்லை.

பிரேக்கை மறக்காதீர்கள், தம்பி. பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். பின்பக்கம் உயர்ந்துவிட்டால் பாரம் ஏற்றியிருந்தாலும் வண்டி காலி என்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்கு அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். லீஃப் ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் புதிதாகவே போடுங்கள், 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

கேள்வி: ஜிம்னியை இரண்டு இன்ச் தூக்கினேன். சாலைக் குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கடகடவென்று ஆடுகிறது, பயமாக இருக்கிறது.
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான், தங்கச்சி. சரிசெய்யும் வரை வேகமாக ஓட்டாதீர்கள். ஜிம்னியின் முன்பக்கம் ஒரே அச்சு. தூக்கும்போது அந்த அச்சு லேசாகச் சுழன்று காஸ்டர் குறைகிறது. அதற்கென்றே காஸ்டர் திருத்தும் புஷ் விற்கிறார்கள். அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடும் அதை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும், நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் நடுவுக்கு வரும். முன் சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கிறதா, சக்கர பாலன்ஸ் சரியா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் டேம்பர் மட்டும் மாற்றிவிட்டால் ஆட்டம் கொஞ்ச நாள் மறைந்திருக்கும், போகாது.

கேள்வி: தூக்கினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் வருமா?

பதில்: அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் பிரச்சினை வரும். வேலையைத் தொடங்குவதற்கு முன்னாலேயே ஜேபிஜே அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்கு அப்புறம் சொன்னால் பணம் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: கையில் காசு இல்லை. சேற்றில் சிக்காமல் இருக்க வேறு வழி?

பதில்: டயர் காற்றை இறக்குங்கள். சேற்றில் மெதுவாகப் போகும்போது 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் நீளமாகப் படிந்து பிடிக்கும், குலுக்கலும் குறையும். தார்ச் சாலைக்கு வந்ததும் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும், இறங்கிய டயரில் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். அதனால் வண்டியில் பம்பு இல்லாமல் காற்றில் கை வைக்காதீர்கள்.